மசோதாவின் பாதை: டில்லியில் நடப்பதை நாம் எவ்வாறு கவனிப்பது?

டில்லிப் பார்லிமெண்டில் ஒரு மசோதா வந்திருக்கிறது என்று பத்திரிகையில் நான்கு வரிச் செய்தி வெளியானால் போதும். அன்று மாலையே நமது சங்கங்களின் திண்ணையில் அது சட்டமாகிவிட்டது போன்ற பேச்சு எழுந்துவிடுகிறது. சிலர் அஞ்சுகின்றனர், சிலர் மகிழ்கின்றனர். சில மாதங்கள் கழிந்து அது மெய்யாகவே சட்டமாகும் வேளையில் அதைப் பற்றிப் பேசுவார் ஒருவருமிலர். மசோதா வேறு, சட்டம் வேறு. இரண்டுக்கும் இடையே பல படிகள் உள்ளன. அவற்றுள் ஒரு படியில் மாத்திரம் நம்மைப் போன்ற ஒரு சிறு சங்கத்தின் மனுவுக்கும் இடமுண்டு. அந்தப் படி எது, அது எப்பொழுது வரும் என்பதை அங்கத்தினர்கள் அறிந்துகொள்ள வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொதுவாக விளக்குவதைக் காட்டிலும் நமக்கு நெருங்கிய ஒரு மசோதாவின் கதையைச் சொல்வது நலம். பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களின் சட்டம் 2002 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவல் புரியும் சங்கங்களுக்கு உரிய சட்டம் அது. அதைத் திருத்தும் மசோதா 2022 டிசம்பர் 7 ஆம் தேதி லோக்சபையில், அதாவது மக்களவையில், அறிமுகம் செய்யப்பட்டது. அறிமுகத்தின் பொழுதே, இது மாநிலங்களின் உரிமையில் தலையிடுவதாகும் என்று எதிர்க்கட்சி அங்கத்தினர்கள் ஆட்சேபித்தனர். இதுவே முதல் வாசிப்பு எனப்படுவது. இந்தப் படியில் விரிவான விவாதம் நடைபெறுவதில்லை. மசோதா சபையின் முன் வைக்கப்பட்டு, கெஜட்டில் வெளியிடப்படுகிறது. பத்திரிகைகள் ‘மசோதா தாக்கல்’ என்று எழுதுவது பெரும்பாலும் இதைத்தான்.

டிசம்பர் 20 ஆம் தேதி அம்மசோதா இரு சபைகளின் அங்கத்தினர்களும் சேர்ந்த கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. குழு 2023 மார்ச்சு 15 ஆம் தேதி அறிக்கை சமர்ப்பித்தது. ஜூலை 25 ஆம் தேதி லோக்சபையும், ஆகஸ்டு 1 ஆம் தேதி ராஜ்யசபையும் குரல் வாக்கெடுப்பினால் அதை நிறைவேற்றின. ஆகஸ்டு 3 ஆம் தேதி திருத்தச் சட்டமும், அதற்கு மறுநாள் அதன் விதிகளும் கெஜட்டில் வெளிவந்தன. அறிமுகத்திலிருந்து சட்டமாகும் வரை ஏறத்தாழ எட்டு மாதங்கள். அவற்றுள் குழுவின் கையில் மசோதா இருந்த காலம் மூன்று மாதங்களுக்குச் சற்றுக் குறைவு. அந்த மூன்று மாதங்களே நம்மவர் பேசியிருக்க வேண்டிய காலம்.

“நமது சங்கம் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது, நமக்கு இதில் என்ன?” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கூட்டுறவுச் சங்கங்கள் அரசியல் சாசனத்தில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. நம்முடைய சங்கங்களை ஆள்வது 1983 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். அதன் திருத்தங்களைச் சென்னைச் சட்டசபையில்தான் கவனிக்க வேண்டும். ஆயினும் மேற்சொன்ன மத்தியச் சட்டத்தில் ஒரு ஷரத்து உண்டு. மாநிலச் சட்டத்தின் கீழுள்ள ஒரு சங்கமும், தன் பொதுக்குழுவில் வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினர் தீர்மானித்தால், முன்பே உள்ள ஒரு பல மாநிலச் சங்கத்துடன் இணையலாம் என்பதே அது. ‘வந்திருந்து வாக்களிப்போர்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். பொதுக்குழுவுக்கு வாராத அங்கத்தினரின் கருத்து இக்கணக்கில் சேராது. மேலும், மூன்றாண்டுகள் தொடர்ந்து இலாபம் ஈட்டிய பல மாநிலச் சங்கம் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் நிகர இலாபத்தில் நூற்றுக்கு ஒன்று, அல்லது ஒரு கோடி ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதை, நலிந்த சங்கங்களின் புனரமைப்பு நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றும் சட்டம் விதிக்கிறது. இது நன்றா தீதா என்பதில் கூட்டுறவாளரிடையே இருவகைக் கருத்து இருக்கக்கூடும். நாம் சொல்வது, இவை யாவும் 2022 டிசம்பரிலேயே அச்சில் வந்துவிட்டன என்பதுதான்.

குழுவுக்குச் செல்லாமல் விரையும் மசோதாக்களும் உண்டு. பயிர்த்தொழில் செய்யும் நம் அங்கத்தினர்கள் 2020 ஆம் ஆண்டை மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஜூன் 5 ஆம் தேதி விவசாயம் பற்றிய மூன்று அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டன. செப்டம்பர் 14 ஆம் தேதி அவற்றுக்குப் பதிலாக மூன்று மசோதாக்கள் லோக்சபையில் வந்தன. அம்மாதம் 22 ஆம் தேதிக்குள் இரு சபைகளும் மூன்றையும் நிறைவேற்றிவிட்டன. 27 ஆம் தேதி ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்தது. பதினான்கு நாட்களில் எல்லாம் முடிந்தது. எந்தக் குழுவும் அவற்றைப் பரிசீலிக்கவில்லை. பின்னர் டில்லியின் எல்லையில் விவசாயிகள் ஓராண்டுக்கு மேல் கிளர்ச்சி செய்ததும், 2021 ஜனவரி 12 ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டங்களை நிறுத்திவைத்ததும், அதே ஆண்டு நவம்பர் 29 ஆம் தேதி இரு சபைகளும் ஒரே நாளில் அவற்றை ரத்துச் செய்யும் மசோதாவை நிறைவேற்றியதும் யாவரும் அறிந்தவை. குழுவில் கேட்கப்படாதது தெருவில் கேட்கப்பட்டது என்றே நாம் கருதுகிறோம். அவசரச் சட்டம் வந்துவிட்டதெனில் மசோதா பின்தொடரும் என்பதை அங்கத்தினர்கள் நினைவிற் கொள்க. சபை மீண்டும் கூடிய ஆறு வாரங்களுக்குள் அது சட்டமாக வேண்டும், இன்றேல் அவசரச் சட்டம் காலாவதியாகும். ஆதலால் அங்கே அவகாசம் மிகக் குறைவு.

இதற்கு நேர்மாறாக உறங்கும் மசோதாக்களும் உள. 1966 ஆம் ஆண்டின் விதைச் சட்டத்துக்குப் பதிலாக ஒரு மசோதா 2004 டிசம்பரில் ராஜ்யசபையில் கொணரப்பட்டது. நிலைக்குழு 2006 ஆம் ஆண்டில் அறிக்கையும் அளித்தது. ஆண்டுகள் பல சென்றும் அது நிறைவேறவில்லை. லோக்சபை கலைந்தால் எல்லா மசோதாக்களும் மடியும் என்று சிலர் எண்ணுகின்றனர். லோக்சபையில் நிலுவையிலுள்ளவையும், லோக்சபை நிறைவேற்றி ராஜ்யசபையில் நிலுவையாக நிற்பவையும் மடியும் என்பது உண்மை. ஆனால் ராஜ்யசபையில் தோன்றி, லோக்சபையால் இன்னும் நிறைவேற்றப்படாதவை மடிவதில்லை. தேர்தல்கள் வந்து போனாலும் அவை பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும்.

தனி அங்கத்தினர் மசோதா என்று ஒன்றுண்டு. மந்திரியல்லாத ஓர் அங்கத்தினர் கொண்டுவருவது. இதற்கெனச் சில வெள்ளிக்கிழமைப் பிற்பகல்கள் ஒதுக்கப்படும். முதல் பார்லிமெண்டு கூடிய 1952 முதல் இவ்வகையில் சட்டமானவை பதினான்கே. கடைசியாக ஒன்று சட்டமானது 1970 ஆம் ஆண்டில். ஆதலால் ‘கைத்தறிக்குப் புதிய மசோதா’ என்ற தலைப்பைக் கண்டால், கொணர்ந்தவர் மந்திரியா என்று முதலில் பார்க்க வேண்டும். கருத்து நல்லதாயிருக்கலாம், சட்டமாவது அரிது.

மசோதாவின் பிரதியை எவ்வாறு படிப்பது? பின்னிருந்து முன்னாகப் படிக்குமாறு நாம் யோசனை கூறுவோம். முன் பக்கங்களில் ‘இன்ன பிரிவில் இன்ன சொல்லுக்குப் பதிலாக இன்ன சொல்’ என்றே வரிசையாக இருக்கும். பழைய சட்டத்தை அருகில் வைத்துக்கொள்ளாமல் அதில் ஒன்றும் விளங்காது. இறுதியில் நோக்கமும் காரணமும் கூறும் அறிக்கை உண்டு. அதன் பின் நிதிக் குறிப்பும், விதி செய்யும் அதிகாரம் பற்றிய குறிப்பும் இருக்கும். இந்தக் கடைசிக் குறிப்பே நமக்கு முக்கியம். பார்லிமெண்டு தானே முடிவு செய்யாமல் எந்தெந்த விஷயங்களைச் சர்க்காரின் விதிகளுக்கு விட்டுவிடுகிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

கைத்தறியாளருக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. 1985 ஆம் ஆண்டின் கைத்தறி ரகங்கள் ஒதுக்கீட்டுச் சட்டம் கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கச் சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. எவ்வெவை அந்த ரகங்கள் என்பதைச் சட்டம் சொல்வதில்லை. அது சர்க்கார் உத்தரவில் வருவது. முதலில் 22 ஆக இருந்த ரகங்கள் பின்னர் 11 ஆகச் சுருங்கின. சட்டம் மாறவில்லை, பட்டியல் மாறிற்று. வரியும் இத்தகையதே. ஜவுளிக்குச் சரக்கு சேவை வரியை நூற்றுக்கு 5 லிருந்து 12 ஆக உயர்த்துவதென 2021 நவம்பரில் வந்தது ஓர் அறிவிக்கை, மசோதா ஏதுமில்லை. 2022 ஜனவரி 1 ஆம் தேதி அமுலாக இருந்த அவ்வுயர்வை, முந்திய நாளில் கூடிய வரிக் கவுன்சில் ஒத்திவைத்தது. பார்லிமெண்டையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இவ்விரண்டும் தெரிந்திரா.

முறை தவறிய சட்டம் நில்லாது என்பதற்கும் நமது இயக்கத்திலேயே சான்றுண்டு. கூட்டுறவு பற்றிய 97 ஆவது சாசனத் திருத்தத்தை 2011 டிசம்பர் இறுதியில் இரு சபைகளும் நிறைவேற்றின. 2012 பிப்ரவரி 15 ஆம் தேதி அது அமுலாயிற்று. நிர்வாகக் குழுவில் 21 பேருக்கு மேற்படலாகாது, அவர்கள் பதவி ஐந்தாண்டு என்பன அதில் அடங்கியவை. மாநில அதிகாரத்தைத் தொடும் அத்தகைய திருத்தத்துக்குப் பாதி மாநிலச் சட்டசபைகளேனும் இசைவு தர வேண்டும். அது பெறப்படவில்லை. 2021 ஜூலை 20 ஆம் தேதி, மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அப்பகுதி செல்லாது, பல மாநிலச் சங்கங்களுக்கு மாத்திரம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒன்பதாண்டுக் காலம் சங்கங்கள் அதை நம்பித் துணைவிதிகளைத் திருத்திக்கொண்டிருந்தன!

இனி, சங்கம் செய்யக்கூடியது. செயலாளர் ஒரு குறிப்பேடு வைத்து, நம் தொழிலைத் தொடும் மசோதா ஒவ்வொன்றுக்கும் அதன் எண், ஆண்டு, கொணர்ந்த மந்திரி, எச்சபையில் தோன்றியது, எக்குழுவில் உள்ளது என்பவற்றை எழுதி வரலாம். கூட்டத் தொடர் தொடங்குமுன் வரவிருக்கும் மசோதாக்களின் பட்டியல் வெளியாகும். சபை கூடும் ஒவ்வொரு நாளுக்கும் அலுவல் பட்டியல் உண்டு. இவை பார்லிமெண்டின் இணையத்தளத்தில் எவருக்கும் கிடைக்கும். அறிமுகப் பிரதியும், குழு திருத்திய பிரதியும், ஒரு சபை நிறைவேற்றிய பிரதியும் வெவ்வேறாக இருக்கக்கூடும். தலைப்பில் எது என்று பார்த்துப் படிப்பது அவசியம்.

மசோதா குழுவுக்குச் சென்றதும், கருத்துரை கோரும் விளம்பரம் பெரும்பாலும் வெளிவரும். அவகாசம் இரண்டு மூன்று வாரங்களே. நிர்வாகக் குழுவை உடனே கூட்டி, ஷரத்தின் எண்ணைக் குறித்து, அது நம் தறிக்கோ வயலுக்கோ என்ன செய்யும், அதற்குப் பதில் எச்சொற்கள் வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதுக. பொதுவான கண்டனத்தைக் காட்டிலும், ஒரு பாவு நூலுக்கு ஆகும் செலவுக் கணக்கு குழுவின் கண்ணை ஈர்க்கும். நேரில் வந்து சாட்சியம் கூற விருப்பமெனில் அதையும் அம்மனுவிலேயே தெரிவிக்க வேண்டும்; அழைப்பதும் அழையாததும் குழுவின் விருப்பம். அனுப்பிய மனு குழுவின் ஆவணமாகிவிடுவதால், அறிக்கை வெளியாகும் வரை அதைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தலாகாது. பிரதியொன்றைச் சங்கத்தின் கோப்பில் பத்திரமாக வைத்துக்கொள்க. குழுவின் அறிக்கை வந்ததும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு அது வேண்டும்.