‘அனுப்பு’ பொத்தானை அழுத்திய பிறகு ஓர்டர் எங்கே போகின்றது?

கடைக்கு வந்த வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்பினால் முதலாளிக்கு அது உடனே தெரியும். இணையத்தளத்தில் ஓர்டர் படிவத்தை நிரப்பி, அது போகாமல் கைவிட்டுப் போனவரை யார் கண்டார்? காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கம் புடைவைக் கடையென்றும் பலசரக்கென்றும் இணையத்தளம் வைத்திருக்கும் நமது வியாபாரிகள் என்னிடம் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: “தம்பி, போர்ம் போகுதில்ல. செஞ்சு தந்த பொடியன் இப்ப கட்டார்ல.”

‘போகுதில்ல’ என்ற இந்த ஒரு சொல்லுக்குள் ஐந்தாறு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியக் கணினிப் படிப்பு தேவையில்லை. படிவம் நமது கைபேசியில் நிரப்பப்பட்டாலும் அதைப் படித்துத் தீர்ப்புச் சொல்வது எங்கோ இருக்கும் சேவையகம் என்ற கணினி. பிஎச்பி மொழியிலோ, அதன் மேல் கட்டப்பட்ட லாரவெல் போன்ற சட்டகத்திலோ எழுதப்பட்ட நிரல் அங்கே காவல் நிற்கின்றது. யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதற்கு அதனிடம் விதிகள் உண்டு. சில வேளை காரணம் சொல்லாமலே திருப்பி விடும்.

காத்தான்குடிக் கடையொன்றில் நான் பார்த்த சங்கதியைச் சொல்கின்றேன். மாதக் கடைசியில் கையிருப்புப் பக்கத்தைத் திறந்து எல்லாச் சாமான்களின் எண்ணிக்கையையும் விலையையும் திருத்திச் சேமிப்பார்கள். பல மாதம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஷாம்பூ, ஸ்பிரே, ஹெயார் ஒயில் ஆகியவற்றின் விலை மட்டும் எத்தனை முறை மாற்றினாலும் பழைய விலைக்கே திரும்பியது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ‘சேமிக்கப்பட்டது’ என்றே திரை சொன்னது. கல்லாவில் நின்ற பையன் மேல்தான் முதலில் சந்தேகம் விழுந்தது, பாவம்.

அந்தச் சாமான்களுக்குள் என்ன ஒற்றுமை? அகரவரிசையில் ஷ, ஸ, ஹ எல்லாம் கடைசியில் வருபவை. பிஎச்பி ஒரு படிவத்திலிருந்து 1000 பெட்டிகளை மட்டுமே ஏற்கும். யாரும் மாற்றாத வரை அதுவே அதன் இயல்பு அளவு. ஏராளமான பெட்டிகளை ஒரேயடியாக அனுப்பிச் சேவையகத்தைத் திணறடிக்கும் தாக்குதலைத் தடுக்க 2012 ஜனவரியில் கொண்டுவந்த எல்லை அது. இந்தக் கடையில் ஒரு சாமானுக்குக் குறியீடு, எண்ணிக்கை, விலை என்று மூன்று பெட்டிகள். பாதுகாப்புக்கென்று மறைவாகப் போகும் பெட்டி ஒன்று. ஆகவே 333 சாமான்கள் வரை சரியாக 1000. கடையில் சாமான் 340 ஆனபோது கடைசி ஏழும் வாசலிலேயே வெட்டுப்பட்டு விட்டன. சேவையகத்தின் பிழைப் பதிவேட்டில் எச்சரிக்கை ஒவ்வொரு மாதமும் எழுதப்பட்டிருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்தான் இல்லை.

எல்லையை உயர்த்துவது ஒரு வரி வேலை. ஆனால் பக்கத்துக்கு 50 சாமானாகப் பிரித்துப் போடுவதையே நான் விரும்புவேன். இல்லாவிட்டால் வியாபாரம் பெருகும்போது இதே கதை திரும்பவும் வரும்.

அடுத்தது, ‘419, பக்கம் காலாவதியாகிவிட்டது’ என்று வரும் செய்தி. இது லாரவெலின் குரல். படிவத்தைத் திறக்கும்போது அது ஓர் இரகசியச் சாவியைக் கொடுக்கின்றது. வேறொரு தளம் நமது வாடிக்கையாளரின் பெயரில் படிவம் அனுப்பிவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. எதையும் மாற்றாவிட்டால் 120 நிமிடம் ஒன்றும் செய்யாதிருந்தால் சாவி செல்லாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போனதை யாரும் மறந்திருக்க முடியாது. பாதி நிரப்பிய படிவத்தை மின்சாரம் வந்ததும் அனுப்பினால் இந்த 419தான் பதிலாக வரும். நிரலாளரிடம் கேட்க வேண்டியது நேரத்தைக் கூட்டுவது மட்டுமல்ல, நிரப்பிய விபரம் அழியாமல் படிவத்தைத் திருப்பிக் காட்டுவதும்தான். சாவிச் சோதனையையே நீக்கிவிடுகின்றேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு வேலை கொடுக்காதீர்கள்.

சிக்னல் மந்தமான இடத்திலிருந்து ஒரே ஓர்டர் இரண்டு முறை வருவதும் உண்டு. பொறுமையிழந்து இரண்டு தரம் அழுத்துகின்றார்கள், அல்லது முடிந்த பக்கத்தைப் புதுப்பிக்கின்றார்கள். ஓர்டரைப் பதிந்தவுடன் வாடிக்கையாளரை ‘நன்றி’ என்ற வேறு பக்கத்துக்கு அனுப்பிவிட்டால் புதுப்பிப்பதால் வரும் தொல்லை தீரும். இரட்டை அழுத்தத்துக்கு ஒவ்வொரு படிவத்துக்கும் தனி இலக்கமிட்டு, அதே இலக்கம் மீண்டும் வந்தால் ஒதுக்கிவிட வேண்டும். பொத்தானை மங்கச் செய்வது மட்டும் போதாது.

வங்கிப் பற்றுச்சீட்டைப் படமெடுத்து இணைக்கச் சொல்லும் கடைகள் கவனிக்க வேண்டியது வேறு. பிஎச்பியின் இயல்பு அளவு ஒரு கோப்புக்கு 2 மெகாபைட், முழுப் படிவத்துக்கும் 8 மெகாபைட். இன்றைய கைபேசிப் படம் இரண்டைத் தாண்டுவது சாதாரணம். எட்டைத் தாண்டினால் படிவம் முழுவதுமே வெறுமையாகப் போய்ச் சேரும். எல்லாவற்றையும் நிரப்பியவருக்கு ‘பெயர் தேவை, முகவரி தேவை’ என்று பதில் வந்தால் முதலில் படத்தின் அளவைத்தான் பாருங்கள்.

விலைப் பெட்டியில் 1,500 என்று காற்புள்ளியோடு அடித்தால், கவனமின்றி எழுதிய பிஎச்பி நிரல் அதை 1 என்று எடுத்துக்கொள்ளும். காற்புள்ளி வந்த இடத்திலேயே அது இலக்கத்தை வாசிப்பதை நிறுத்திவிடும். ஒரு ரூபாவுக்கு அரிசி மூட்டை! தொலைபேசி இலக்கத்தை எண்ணாகச் சேமித்தால் 077இன் முன் பூச்சியம் காணாமல் போகும்.

விதியே பிழையாக இருப்பதும் உண்டு. 2016இலிருந்து தேசிய அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கங்கள் கொண்டது. ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் என்ற பழைய விதியையே பிடித்துக்கொண்டிருக்கும் படிவம் இளம் வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பிவிடும். குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவமும் அப்படித்தான். தந்தையின் பெயரை முதலெழுத்தாக மட்டும் போடும் நமது ஆட்கள் அங்கே என்ன எழுதுவது?

அரசாங்கத்தின் படிவங்களும் இதற்கு விலக்கல்ல. 2022 ஜூலையில் எரிபொருள் அனுமதிப் பதிவு தொடங்கியபோது ஓர் அடையாள அட்டைக்கு ஒரு வாகனம் என்றே விதி இருந்தது. லொறியும் வேனும் மோட்டார் சைக்கிளும் வைத்திருந்த வியாபாரி என்ன செய்வார்? பிறகுதான் வியாபாரப் பதிவின் கீழ் பல வாகனங்களைப் பதியும் வசதி வந்தது. அமெரிக்காவில் 2013 ஒக்டோபர் முதலாம் திகதி திறந்த அரசாங்கக் காப்புறுதித் தளத்தில் முதல் நாள் பதிவை முடித்தவர்கள் வெறும் ஆறு பேர்.

இனி நிரலாளரைத் தொலைபேசியில் அழைக்குமுன் திரையைப் படம் எடுங்கள். எத்தனை மணிக்கு, எந்தப் போனில், என்ன நிரப்பினீர்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். நேரம் தெரிந்தால் பதிவேட்டில் அந்த வரியைத் தேடிப் பிடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் போதும்.