பெரும்படங்களின் வரவு செலவு

ஒரு காரியத்தைத் தொடங்குமுன் அதற்காகுஞ் செலவை எண்ணிப் பார்த்தல் அறிவுடையார் செயலாகும். கோபுரங் கட்டப் புகுவோன் முதலில் அமர்ந்து கணக்கிட வேண்டுமென்பதை நம் ஆண்டவரும் உவமை வாயிலாக உணர்த்தியருளினார். இக்காலத்திற் கோபுரத்தினும் மிகுந்த பொருளை விழுங்குவது சினிமாப் படமேயாம். ஒரு படத்திற்கு இருநூறு கோடி, ஐந்நூறு கோடி என்று விளம்பரஞ் செய்யக் கேட்கின்றோம், கேட்டு வியக்கின்றோம். அப்பொருள் எதனை வாங்கிற்று, யார் கையிற் சேர்ந்தது என்று வினவுவார் மிகச் சிலரே. அதனை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

காசிமேட்டிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் விசைப்படகுகளை இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழ்வோர் நாடோறுங் காண்கின்றனர். மீன் ஒன்றேனும் வலையிற் படுமுன்னரே டீசலுக்கும் ஐஸுக்கும் அரிசி பருப்புக்கும் பணம் வேண்டும். சினிமாத் தொழிலும் இத்தகையதே. விநியோகஸ்தரும் தொலைக்காட்சி நிலையத்தாரும் ஒரு பகுதியை முன்பணமாகத் தருதல் உண்டு. எஞ்சியதைத் தயாரிப்பாளர் பெரும்பாலும் வட்டிக்கே வாங்குகின்றார். எனவே படம் வெளிவருமுன்னரே கடன் வளரத் தொடங்குகின்றது.

இச்செலவை ஐந்து கூறாகப் பகுக்கலாம். கதையும் முன்னேற்பாடும் ஒன்று. முதன்மை நடிகர், இயக்குநர், இசையமைப்பாளர் முதலியோர் ஊதியம் இரண்டு. அரங்கு, உடை, காமிரா, விளக்கு, ஜெனரேட்டர் வாடகை, தொழிலாளர் கூலி, பேட்டா, சாப்பாடு ஆகிய படப்பிடிப்புச் செலவு மூன்று. படத்தொகுப்பு, ஒலிச்சேர்க்கை, கணினி வரைகலை நான்கு. விளம்பரமும் வட்டியும் ஐந்து. இவற்றுள் மூன்றாவது கூறு நாட்கணக்கில் ஏறுவது. மழை பெய்யினும், நடிகர் கால்ஷீட் தவறினும், வந்திருக்கும் முந்நூறு பேருக்கும் கூலியும் சோறும் கொடுத்தே ஆக வேண்டும். வெளிக்கடலில் நங்கூரமிட்டுக் காத்திருக்குங் கப்பலுக்கு ஒவ்வொரு நாளும் டெமரேஜ் ஏறுவதைத் துறைமுகத்தார் அறிவர். பெரும்படத்திலும் விலையுயர்ந்த பண்டம் பட்டும் பொன்னும் அன்று, காலமே.

இதற்குச் சிறந்த சான்று, ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ்.வாசன் அவர்கள் தயாரித்து இயக்கி, 1948 ஏப்ரல் 9-இல் வெளியான ‘சந்திரலேகா’ ஆகும். இப்படம் முடிய ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் சென்றன. அதற்கு முப்பது இலட்சம் ரூபாய் செலவாயிற்றென்பர். அந்நாளில் இஃது எவருங் கேட்டறியாத தொகை. முதலில் இயக்கத் தொடங்கியவர் இடையில் விலக, வாசனே அப்பொறுப்பையும் ஏற்றார். கதையிற் சர்க்கஸ் காட்சிகளைப் புகுத்த எண்ணி மெய்யான சர்க்கஸ் கம்பெனியையே அமர்த்தினார். அரண்மனை முற்றத்திற் பெருமுரசங்களின்மேல் நூற்றுக்கணக்கான மகளிர் ஆட, அம்முரசங்களுள் ஒளிந்திருந்த வீரர் வெளிப்பட்டுப் பொருதுங் காட்சிக்கு மட்டும் பல மாதங்கள் ஒத்திகை நடந்தது.

அக்கணக்கில் நாம் கருதத்தக்கது மற்றொன்றும் உண்டு. ஜெமினியில் நடிகர், இசைவாணர், எழுத்தர், தச்சர் எனப் பலரும் மாதச் சம்பளத்தில் இருந்தனர். ஆகவே நீடித்த காலத்தின் செலவிற் பெரும்பங்கு பல குடும்பங்களின் அடுப்பில் எரிந்தது. எஞ்சியது திரையில் ஏறிற்று. ஸ்டூடியோ மறைந்து, அதன் பெயர் மேம்பாலத்தின் வழக்குப் பெயராக மட்டும் எஞ்சிய இந்நாளிலும், அம்முரசு நடனத்தைக் காண்போர் வியக்கின்றனர். தமிழ்ப்படத்தின் வசூல் செலவுக்கு ஈடாகாமையால், வாசன் அதே ஆண்டு டிசம்பரில் இந்தியிலும் அதனை வெளியிட்டுப் பத்திரிகைகளிற் பெரும் விளம்பரஞ் செய்தார். ஒரு மொழியின் சந்தை தாங்காத செலவைப் பல மொழிகளின் சந்தைமேல் ஏற்றும் இக்கால வழக்கத்திற்கு அதுவே முன்னோடி எனலாம்.

நிற்க. இக்காலப் படங்களை நோக்குவோம். ‘2.0’ என்னும் படம் 2017 தீபாவளிக்கு வருவதாக இருந்தது. கணினி வரைகலை முடியாமையால் தள்ளித் தள்ளி 2018 நவம்பர் 29-இல் வெளியாயிற்று. முன்னாளில் முற்றத்தில் ஒத்திகைக்காகச் சென்ற காலம் இந்நாளிற் கணினிமுன் செல்கின்றது. வட்டியோ இரண்டிற்கும் ஒன்றே. இதற்கு மாறாகப் ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரு பாகங்களும் ஒரே தொடர்ச்சியாகப் படமாக்கப்பெற்று, 2022-இலும் 2023-இலும் ஐந்து மொழிகளில் வெளிவந்தன. ஒரு முறை அமைத்த அரங்கும், ஒரு முறை திரட்டிய கூட்டமும் இரு படங்களுக்கு உதவின. காலத்தை அடக்கினோர் செலவையும் அடக்குவர் என்பது இதனால் விளங்கும்.

ஆயினும், இக்காலச் செலவிற் பெரும்பகுதி காமிரா சுழலுமுன்னரே சில பெயர்களுக்கு ஊதியமாகச் சென்றுவிடுகின்றதென்று தயாரிப்பாளர்களே பலகால் முறையிட்டுள்ளனர். அப்பெயர்களாலேயே முதல் வாரக் கூட்டம் வருகின்றது என்பதும் மெய்யே. அதற்குப்பின் எஞ்சிய தொகைக்குள் அரங்கும் அடங்க வேண்டும். கூலியும் அடங்க வேண்டும். காவலும் அடங்க வேண்டும். 2020 பிப்ரவரி 19-இல் பூந்தமல்லிக்கு அருகில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து மூவர் மாண்டனர். அடுத்த மாதம் கொள்ளை நோயாற் படப்பிடிப்புகள் நின்றபோது, தினக்கூலியை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர் பிறர் உதவியை எதிர்நோக்கினர்.

விசைப்படகு கரை சேர்ந்ததும் செலவைக் கழித்து, எஞ்சியதைப் படகுக்காரரும் உடன்சென்றோரும் பங்கிட்டுக்கொள்வர். வலை நிறைந்தால் வலையிழுத்தவனும் மகிழ்வான். படத்திலோ இலாபத்திற் பங்கு கேட்க வல்லார் மேலிருக்குஞ் சிலரே. அரங்கிற்கு ஆணியடித்தவனுக்குப் படம் ஓடினும் ஓடாவிடினும் அன்றைய கூலி ஒன்றே.

தண்டையார்ப்பேட்டையில் 1967 முதல் நடைபெற்ற அகஸ்தியா திரையரங்கம் 2020-இல் மூடப்பட்டது. துறைமுகக் கூலியாளரும் ஆலைத் தொழிலாளரும் தம் நாட்கூலியிற் சீட்டு வாங்கி அமர்ந்த இடம் அது. எத்தனை கோடிப் படமாயினும், அக்கோடி இறுதியில் இத்தகையோரின் சட்டைப்பையிலிருந்தே திரளுகின்றது. ஆதலின் கணக்குக் கேட்கும் உரிமை நமக்குண்டு. இனி ஒரு படத்தின் செலவைக் கேட்டு வியக்கும்போது, அதில் எவ்வளவு திரையில் ஏறிற்று, எவ்வளவு உழைத்த கைகளிற் சேர்ந்தது என்று இரண்டு கேள்வி கேட்போமாக. கோபுரத்தின் உயரத்தை அளப்போர், அதைக் கட்டியவர்களுக்குக் கூலி கிடைத்ததா என்றும் பார்த்தல் வேண்டுமன்றோ?