இடது ஊமை, வலது சாட்சி

ஆடி மாதம் செஞ்சியில் ஒலிபெருக்கிக்கு ஓய்வே கிடையாது. கூழ் ஊற்றும் அம்மன் கோயில்களில் விடியும் முன்பே பாட்டு தொடங்கிவிடும். அதற்குப் போட்டியாக வீட்டில் ஓடிக்கொண்டிருந்த என் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒரு சாயங்காலம் ‘டப்’ என்றது. இடது ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் துருத்திக்கொண்டு அப்படியே நின்றது. கருகல் வாசனை வந்தது. கடைசியாகப் பியூஸும் போயிற்று.

செட்டைத் தூக்கிக்கொண்டு கூட்டு ரோடு பக்கம் மெக்கானிக் ஒருவரிடம் போனேன். உள்ளூரில் அசெம்பிள் செய்த பெட்டி. முகப்பில் ‘2000 வாட்ஸ்’ என்று ஒட்டியிருக்கும். அதை நம்ப வேண்டாம். உள்ளே இருப்பது 12-0-12 டிரான்ஸ்பார்மர். அது தரும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கினால் கூட்டல் கழித்தலில் தலா 16 வோல்ட் கிடைக்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் அதை வைத்து 12 வாட் எடுத்தாலே பெரிய விஷயம்.

“சர்க்யூட் படம் இல்லையே” என்று இழுத்தேன்.

“படம் எதுக்கு சார்? வலது பக்கம் நல்லாத்தானே இருக்கு?”

ஸ்டீரியோ போர்டின் அருமை அதுதான். இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒரே சர்க்யூட். மல்டிமீட்டரின் ஒரு முனையை கிரவுண்டில் வைத்துவிட்டு, மற்றதை வலது பக்கம் ஓர் இடத்தில் தொட்டார், பிறகு இடது பக்கம் அதே இடத்தில் தொட்டார். எண்கள் ஒத்துப்போனால் அடுத்த இடம். அவுட்புட் டிரான்சிஸ்டருக்கு வந்ததும் கணக்கு பிரிந்தது. டயோடு சோதனையில் வலது பக்கம் 0.55 வோல்ட் காட்டிய மீட்டர், இடது பக்கம் வெறுமனே ‘பீப்’ என்று கத்தியது. உள்ளே ஷார்ட்.

கூம்பு துருத்தியதற்கும் காரணம் புரிந்தது. பாட்டு என்பது முன்னும் பின்னும் அலையும் மின்சாரம். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 16 வோல்ட் நேர்மின்சாரம் முழுதும் ஸ்பீக்கர் காயிலில் இறங்கும். அலைய வழியில்லாத அந்தக் காயில், கிட்டத்தட்ட 40 வாட் அடுப்பாக மாறிவிடும்.

செத்த டிரான்சிஸ்டர், 2என்3055. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கொண்டுவந்த சரக்கு, இன்றும் சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள், போலியும் சேர்த்தே. 115 வாட் தாங்கும் என்கிறது அதன் விவரத்தாள். ஆனால் அது உலோக உறை 25 டிகிரியில் இருக்கும்போது. உறை 75 டிகிரி ஆனால் தாங்குதிறன் 82 வாட்டாக இறங்கிவிடும். கத்திரி வெயிலில் செஞ்சிக்கோட்டைப் பாறைகள் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கும் ஊரில், 25 டிகிரிக்கு எங்கே போவது?

இடது பக்கத்து அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் இரண்டையும் மாற்றி, மைக்கா வைத்து, வெள்ளைப் பசை தடவி முறுக்கினார். வேலை முடிந்தது என்று எழுந்தேன். “உக்காருங்க சார். செத்தது இது. கொன்னது எது?”

மேசையடியிலிருந்து 100 வாட் குண்டு பல்பு வந்தது. அதை மெயின் வயரில் தொடராக இணைத்தார். எல்.ஈ.டி. பல்பு இதற்கு உதவாது என்பதால் பழைய குண்டு பல்புகளைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார். எரியும்போது 500 ஓமுக்கு மேல் தடை காட்டும் அந்த டங்ஸ்டன் இழை, குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. செட் நலமாக இருந்தால் பல்பு ஒதுங்கி வழிவிடும். உள்ளே கோளாறு என்றால் தானே எரிந்து, அரை ஆம்பியருக்குக் குறைவாக மின்சாரத்தைப் பிடித்து நிறுத்தும். இவ்வளவு மலிவான காவல்காரனை நான் பார்த்ததில்லை.

சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது, அணையவில்லை. உடனே நிறுத்தினார்.

மறுபடியும் வலது பக்கத்தைச் சாட்சிக்கு அழைத்தார். ஹீட் சிங்கில் ஒட்டியபடி சின்னதாக ஒரு டிரான்சிஸ்டர் உண்டு, பயாஸ் டிரான்சிஸ்டர். சிலிக்கான் சூடானால் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வீதம் அதன் வாசல் வோல்டேஜ் தாழும். 30 டிகிரி ஏறினால் 60 மில்லிவோல்ட். கேட்கச் சொற்பம்தான், தடுக்க ஆளில்லை என்றால் மின்னோட்டம் பத்து மடங்காகப் போதும். மின்னோட்டம் கூடச் சூடு கூடும், சூடு கூட மின்னோட்டம் கூடும். அந்தச் சூட்டை உணர்ந்து பெரியவர்களை அடக்குவதுதான் இந்தச் சின்னவரின் வேலை. வலது பக்கம் அவர் கால்களில் ஈயம் பளபளத்தது. இடது பக்கம் ஒரு காலைச் சுற்றி மயிரிழை வளையமாக விரிசல். டிரை சால்டர். தினமும் சூடேறி ஆறி, விரிந்து சுருங்கி விட்டுப்போன பற்று. அடக்க ஆளில்லாமல் இரண்டு பெரியவர்களும் முழு வாயையும் திறந்துவிட்டார்கள்.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதுசாக வைக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மீண்டும் சுவிட்ச். கண்டன்சர்கள் நிரம்பும்போது பல்பு ஒரு கணம் மின்னி, மங்கி, அணைந்தது. ஸ்பீக்கர் முனைகளில் அளந்தார்: வலது 21 மில்லிவோல்ட், இடது 18. முதலில் கிழிந்த பழைய ஸ்பீக்கர் ஒன்றை மாட்டிப் பார்த்தார். வால்யூமை முழுக்கக் குறைத்தும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டது. சப்ளை கண்டன்சர் தலை உப்பியிருந்தது. வால்யூமைக் குறைத்தும் இரைச்சல் குறையாவிட்டால் முதலில் அதைத்தான் சந்தேகிப்பார்களாம். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. அதையும் மாற்றினார்.

காசு கொடுக்கும்போது, பெட்டியோடு நான் கொண்டுபோயிருந்த துணியை விரித்துப் பார்த்தார். தூசு விழாமலிருக்க வீட்டில் மேலே போட்டு வைப்பது, ஓரத்தில் பூவேலை செய்தது. பெட்டியின் காற்றுத் துளைகள் எல்லாம் மேலேதான் இருக்கின்றன. ஒன்றும் சொல்லாமல் நாலாக மடித்து, மீதிச் சில்லறையோடு என் கையில் வைத்தார்.