தண்ணீரிடம் அவசரம் செல்லாது

ஜாம் போத்தலில் கப்பி மீன் வளர்க்காத பிள்ளை நம் லயங்களில் உண்டா? என் மகனும் வளர்த்தான். “அப்பா, கடையில இருக்கிற மாதிரி தொட்டி வேணும்ப்பா” என்று நச்சரித்தான். கையிலோ காசில்லை. சரி, நாமே செய்வோம் என்று துணிந்தேன்.

கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக் போதும். ஒரே பருமனில் அது கண்ணாடியின் எடையில் பாதிகூட வராது, எளிதில் உடையாது. சைன்போர்டு கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கேயே மெஷினில் நேராக வெட்டித் தரவும் சொல்லுங்கள்.

நான் செய்த தவறு என்ன தெரியுமா? ஒட்டிய இரவே தண்ணீர் ஊற்றி, நாலு மீனையும் விட்டேன். விடியற்காலை பெரட்டுக்குக் கிளம்பும்போது, “அப்பா, வீடெல்லாம் தண்ணி!” என்று அலறினான். மூலை ஒட்டு விட்டுப்போயிருந்தது. மீன்கள் சிமெண்டுத் தரையில் செத்துக் கிடந்தன. அன்று அவன் பள்ளிக்கூடம் போகவில்லை.

தண்ணீரின் பலத்தை நான் நினைத்துப் பார்க்கவில்லை. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள தொட்டி நிரம்பினால் 54 லிட்டர். அதாவது 54 கிலோ! நீளச் சுவர் ஒவ்வொன்றையும் சுமார் 27 கிலோ பலம் வெளியே தள்ளும். உயரம் கூடக்கூட அடியில் அழுத்தமும் கூடும். ஆகவே 30 செ.மீ. உயரம் போதும். 6 மி.மீ. தகடு வாங்குங்கள். வாய் விளிம்பைச் சுற்றி இரண்டு அங்குலப் பட்டை ஒட்டினால் சுவர் உப்பாது.

சாதாரண சிலிக்கோன் அக்ரிலிக்கைச் சரியாகப் பிடிக்காது. அக்ரிலிக்குக்கென்றே தண்ணீர் போன்ற பசை விற்கிறார்கள். தகடுகளை இடைவெளியின்றிச் சேர்த்து, ஊசிக் குப்பியால் விட்டால் அது இணைப்புக்குள் தானே ஓடும். தகட்டையே இளக்கி ஒன்றாக்கிவிடும். அதன் ஆவி உடம்புக்கு ஆகாது. காற்றோட்டமான வாசலில் வைத்து ஒட்டுங்கள். பிள்ளைகளும் அடுப்பும் தள்ளியே இருக்கட்டும்.

பிறகு இரண்டு நாள் தொடாதீர்கள். மூன்றாம் நாள் வெளியில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் வரை பாருங்கள். ஒழுகாவிட்டால் காலி செய்து உள்ளே கொண்டு வந்து, அடிப்பாகம் முழுவதும் படியும்படி சமமான பலகைமேல் வையுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதைப் போக்கும் மருந்து மீன் கடையில் கிடைக்கும். முதலில் இரண்டு மூன்று மீன் போதும்.

இன்னொன்று. களைக்கொல்லி அடித்த கையோடு தொட்டியைத் தொடாதீர்கள். அந்த மருந்து வந்த கேனில் ஒருபோதும் தண்ணீர் பிடிக்காதீர்கள். மீனுக்கு மட்டுமா, நமக்கும் அது நஞ்சுதான்.

இரண்டாவது தொட்டி இன்றுவரை ஒழுகவில்லை. ஆனாலும் தினமும் காலையில் என் மகன் நாலு மூலையையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறான்.