வீடு மாறினாலும் அடுப்பு அணையலாகாது

மலேசியத் தோட்டப்புறங்களின் தோற்றம் கடந்த அறுபது ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. 1960ஆம் ஆண்டுகளிலிருந்து பால்மரக் காடுகள் படிப்படியாகச் செம்பனைக்கு இடம்விட்டன. பின்னர் நகரங்கள் விரிந்தபோது தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறின. இன்று நிர்வாகத் தலைநகராக விளங்கும் புத்ராஜெயாவின் கட்டுமானப் பணிகள் 1995இல் தொடங்கிய இடம், அதற்கு முன் பிராங் பெசார் தோட்டமாக இருந்தது. 1998இல் காமன்வெல்த் விளையாட்டுகள் நடைபெற்ற புக்கிட் ஜாலிலும் ஒரு காலத்தில் தோட்டமே. இவ்விடங்களிலும் இவை போன்ற வேறு பல இடங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் லயத்து வீடுகளை விட்டு, அடுக்குமாடி வீடுகளிலும் தாமான்களிலும் குடியேறின. இந்த மாற்றம் இன்னும் முற்றுப்பெறவில்லை.

வீடு மாறும் குடும்பம் கட்டிலையும் அலமாரியையும் சாமிப் படங்களையும் மறவாமல் எடுத்துச் செல்கிறது. ஆனால், புதிய வீட்டில் குடிபுகுந்த சில மாதங்களில் ஒன்று மட்டும் குறைந்துபோயிருப்பது தெரியவரும். அதுதான் நாள்தோறும் வீட்டில் சமைத்து, எல்லாரும் உண்ணும் வழக்கம். காலையில் ஒட்டுக்கடை ரொட்டிச் சானாய், நண்பகலில் தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலை, இரவில் பொட்டலச் சோறு என்று வேளைகள் கழிகின்றன. இதனைப் பெண்களின் சோம்பல் என்று குறை கூறுவோர் உளர். அது முறையன்று. சமையல் ஏன் நின்றது என்பதை முதலில் அறிந்துகொண்டால்தான் அதனை மீட்கும் வழியும் புலப்படும்.

மரம் வகுத்துத் தந்த வேளை

தோட்டத்துச் சமையலுக்குக் காலம் குறித்துத் தந்தது பால்மரமேயாகும். மரத்தில் பால் நன்கு வடிவது வெயில் ஏறாத குளிர்ந்த விடியற்பொழுதில். ஆகவே இருள் பிரியுமுன் பெரட்டுக் கூடிற்று; பொழுது புலர்ந்ததும் மரம் வெட்டத் தொடங்கினர்; வெயில் உச்சிக்கு வருமுன் பால் எடுத்து நிறுத்தாயிற்று. பிற்பகலில் வீடு திரும்பிய தாய்க்கு அடுப்பு மூட்ட நேரம் இருந்தது. மாலைக்குள் குழம்பும் கீரையும் ஆயின. மிஞ்சிய சோறு நீரில் ஊறி மறுநாள் விடியற்காலைப் பசிக்கு உதவிற்று.

இதற்குத் துணையாக நின்றவை வேறு மூன்று. வீட்டின் பின்புறத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் மரவள்ளியும் கத்தரியும் வளர்ந்தன. வெட்டி வீழ்த்திய பழைய பால்மரங்கள் விறகாயின. ஒருவர் வீட்டில் புளி இல்லையென்றால் அடுத்த வீட்டிலிருந்து வந்தது. பிள்ளையின் பசிக்கு எந்த வீட்டு அடுப்பும் அந்நியமன்று.

அடுக்குமாடி வீட்டிற்குச் சென்ற அன்றே இவை நான்கும் ஒருங்கே மறைந்துவிடுகின்றன. நிலம் இல்லை, விறகு இல்லை, அண்டை வீட்டார் புதியவர். எல்லாவற்றிற்கும் மேலாக நேரம் மாறிவிட்டது. பினாங்கு பாயான் லெப்பாசில் 1972இல் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கிய காலந்தொட்டு நம் பெண்கள் பெருமளவில் தொழிற்சாலை வேலைகளுக்குச் செல்கின்றனர். அங்கு வேலை முறைமாற்றி வருகிறது. இவ்வாரம் பகல் என்றால் அடுத்த வாரம் இரவு. மரத்தின் காலத்திற்கு ஏற்ப அமைந்த சமையல், இயந்திரத்தின் காலத்திற்குள் அடங்காமல் நின்றுபோகிறது. ஆதலால், வீட்டுச் சமையலை மீட்க விரும்பும் குடும்பம் பாத்திரங்கள் வாங்குவதற்கு முன் ஒரு புதிய வேளையை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

உடல்நலம் விடுக்கும் எச்சரிக்கை

வெளியுணவால் வரும் கேடு சிறிதன்று. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. 2019ஆம் ஆண்டின் ஆய்வு, இந்நோய் இந்தியரிடையே ஏனைய இனத்தவரைக் காட்டிலும் மிகுதியாக இருப்பதைக் காட்டிற்று. டின்பால் கலந்த தேநீர், எண்ணெயில் பொரித்த பலகாரம், தட்டு நிறையச் சோறு, அதன் ஓரத்தில் சிறிதளவு காய்கறி என்ற பழக்கம் இதற்குத் துணை போகிறது. தோட்டத்தில் மைல்கணக்கில் நடந்து உழைத்த உடலுக்குப் பெரிய தட்டுச் சோறு ஏற்றதாயிருந்தது. ஓரிடத்தில் நின்றோ அமர்ந்தோ வேலை செய்யும் உடலுக்கு அதே அளவு மிகையாகும்.

சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் முறை எளியது. தட்டில் காற்பங்கு சோறு அல்லது கிழங்கு. காற்பங்கு மீன், முட்டை, கோழி, பருப்பு ஆகியவற்றுள் ஒன்று. எஞ்சிய அரைப்பங்கு காய்கறியும் பழமும். கடையில் இந்த அளவை நாம் தீர்மானிக்க இயலாது. வீட்டில் இயலும். உப்பு, எண்ணெய், சர்க்கரை ஆகிய மூன்றும் நம் கையில் இருப்பது வீட்டு அடுப்பில் மட்டுமே.

ஒரு வேளையிலிருந்து தொடங்குக

மூன்று வேளையும் வீட்டிலேயே சமைப்போம் என்று உறுதி பூண்டு, ஒரு வாரத்தில் களைத்துவிடுவோர் பலர். அவ்வாறின்றி, குடும்பத்தினர் பெரும்பாலோர் வீட்டிலிருக்கும் ஒரு வேளையை மட்டும் தேர்ந்தெடுத்து, அதனைத் தவறாமல் காத்துவருக. பகல் வேலைக் குடும்பத்திற்கு அது இரவு உணவாகலாம். இரவு வேலைக்குச் செல்வோர் உள்ள வீட்டில், அவர்கள் புறப்படுமுன் மாலையில் உண்ணும் உணவாகலாம். ஓரிரு மாதங்களில் அந்த வேளை நிலைபெற்றபின் மற்றொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எதைச் சமைப்பது? வாழ்க்கை தடம் மாறிய நேரத்தில் மனம் நாடுவது பழகிய சுவையையே. குடிபெயர்ந்த வீடாயினும், துணையை இழந்த வீடாயினும், வேலை ஓய்வு பெற்றவர் வீடாயினும் இது பொருந்தும். புதிய ஊரில் எல்லாம் புதிதாயிருக்கையில், ரசத்தின் மணம் ஒன்றேனும் பழையதாக இருப்பது நெஞ்சுக்கு ஆறுதல். ஆகவே, குறைந்த நேரத்தில் ஆகும் நான்கு பழைய உணவுகளை இங்குத் தருகிறோம். அளவுகள் நால்வர் கொண்ட குடும்பத்திற்குரியவை.

பயற்றங்கஞ்சி: அரைக் குவளைப் பச்சைப்பயற்றை முதல்நாள் இரவே ஊறவைத்திடுக. மறுநாள் அதனுடன் 1 குவளை அரிசி, 1 தேக்கரண்டி வெந்தயம், 8 பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி சேர்த்து, 8 குவளை நீரில் சிறு தீயில் குழைய வேகவிடுக. இடையில் நீர் வற்றினால் வெந்நீர் ஊற்றலாம். இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையைக் கடைசி 3 நிமிடத்தில் போடுக. நெடுநேரம் கொதித்தால் கீரையின் சத்து வீணாகும். இறக்கும்போது அரைக் குவளைத் தேங்காய்ப்பாலும் அளவாக உப்பும் சேர்க்கலாம். அரிசியின் புரதத்தில் குறைவாயுள்ள சத்தைப் பயறு நிறைவு செய்கிறது. பயற்றில் குறைவாயுள்ளதை அரிசி நிறைவு செய்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் அரிசியைப் பாதியாகக் குறைத்துப் பயற்றைக் கூட்டிக்கொள்வது நன்று.

மிளகு ரசம்: எலுமிச்சை அளவு புளியை 4 குவளை நீரில் கரைத்து, 2 தக்காளியை நசுக்கிப் போட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்துப் பச்சை வாடை போகும்வரை கொதிக்கவிடுக. 1 தேக்கரண்டி மிளகு, 1 தேக்கரண்டி சீரகம், 4 பல் பூண்டு ஆகியவற்றை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டு, நுரை கூடியதும் இறக்கிக் கடுகும் காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்திடுக. கால் மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். அம்மிக்கல்லும் உரலும் மாடி வீட்டிற்கு ஒவ்வா. இடிக்கும் ஓசை கீழ்வீட்டாரைத் துன்புறுத்தும். சிறு கல்லுரலை மடித்த சாக்கின்மேல் வைத்து இடித்தால் போதும்.

நெத்திலிக் குழம்பு: 50 கிராம் காய்ந்த நெத்திலியைத் தலையும் குடலும் நீக்கி, வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, இருமுறை அலசுக. மிகுதி உப்பு நீங்கிவிடும். 2 மேசைக்கரண்டி எண்ணெயில் 10 சின்ன வெங்காயத்தையும் 250 கிராம் கத்தரிக்காயையும் வதக்கி, 2 மேசைக்கரண்டி மீன் குழம்புத்தூளும் புளிக்கரைசலும் ஊற்றிக் கொதித்தபின் நெத்திலியைப் போடுக. சுவைத்துப் பார்க்காமல் உப்பு சேர்த்தலாகாது. முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆதலால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து இதில் உண்டு. தேங்காய்ப்பால் குழம்பு வெப்பத்தில் விரைவில் கெடும். புளிக்குழம்பு அதனைவிட நேரம் தாங்குமாதலின், வேலைக்குத் தூக்குச்சட்டியில் கொண்டுசெல்ல இதுவே ஏற்றது.

மரவள்ளிக்கிழங்கு: 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காத நாளில் மக்களின் உயிர் காத்த கிழங்கு இது. வறுமையின் சின்னமென்று இதனை ஒதுக்குதல் தகாது. எனினும் ஒன்றை மறத்தலாகாது: பச்சைக் கிழங்கில் நச்சுத்தன்மை உண்டு. மேல்தோலையும் அதனடியிலுள்ள தடித்த தோலையும் முற்றாக நீக்கி, துண்டாக்கி, நிறைந்த நீரில் மூடாமல் நன்கு வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். பின்னர் கடுகு, வெங்காயம், மிளகாய், துருவிய தேங்காய் சேர்த்துத் தாளித்திடலாம். இது சோற்றுக்கு மாற்றாகுமே தவிர, சோற்றுக்குக் கறியாகாது.

எரிவாயு அடுப்பில் கவனம்

விறகடுப்பில் பழகியவர்களுக்கு எரிவாயு அடுப்பு கைவர நாளாகும். கொதி வந்தபின் தீயைக் குறைத்து மூடி வைத்தால், தணலில் வெந்தது போன்ற பக்குவம் கிட்டும், எரிவாயுவும் மிஞ்சும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். வாடை தெரிந்தவுடன் தோம்பின் வால்வை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிடுக. அவ்வேளையில் மின்விசையைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிறு பொறியும் தீயாகும்.

சமைத்த சோற்றை நெடுநேரம் வெளியில் வைத்தலும் ஆகாது. இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்து, உண்ணும்போது ஆவி பறக்கச் சூடாக்குதல் வேண்டும்.

இழந்த துணைகளை மீட்டல்

பின்புறத் தோட்டம் போயிற்றே என்று கவலுற வேண்டுவதில்லை. அடியில் துளையிட்ட பழைய வாளியோ மரப்பெட்டியோ போதும். வெயில் படும் சன்னலோரத்தில் கறிவேப்பிலை, புதினா, மிளகாய் ஆகியவை வளரும். கடையில் வாங்கிய கங்கோங் கீரையின் தண்டை ஈரமண்ணில் ஊன்றினால் நான்கு வாரங்களில் ஒரு குழம்புக்கு ஆகும். தொட்டியைச் சுவரின் விளிம்பில் வைத்தல் ஆபத்து, தரையிலேயே வைத்திடுக. தேங்கிய நீரில் கொசு முட்டையிடாமலும் பார்த்துக்கொள்க.

அண்டை வீட்டாரையும் உணவே நெருங்கச் செய்யும். கருவாட்டு மணம் எதிர்வீட்டிற்குச் செல்லும். எதிர்வீட்டு மலாய்த் தாய் பெலாச்சான் வறுக்கும் மணம் நம் வீட்டிற்கு வரும். முகம் சுளிப்பதைவிட ஒரு கிண்ணம் கொடுத்து ஒரு கிண்ணம் பெறுவது மேல். கொடுப்பது அவர்கள் உண்ணத்தக்கதுதானா என்று முன்கூட்டியே கேட்டறிதல் பண்பாகும்.

வீட்டிலுள்ள பாட்டியைப் பற்றியும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் சமைத்தவர், ஐந்தாம் மாடியில் தொலைக்காட்சியின் முன் வேலையற்று அமர்ந்திருக்கிறார். அவர் அறிந்த சமையல் எந்த நூலிலும் இல்லை. ‘ஒரு கை’, ‘கண்ணளவு’ என்றே அவர் கூறுவார். அவர் அருகில் அமர்ந்து, அவர் அள்ளும் கையளவைக் குவளையில் கொட்டி அளந்து, பள்ளி செல்லும் பேரப்பிள்ளை ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். பிள்ளைக்குத் தமிழ் எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று. பாட்டிக்கு வீட்டில் ஓர் இடமும் ஆயிற்று. இன்று எழுதப்படாத பக்குவம் அவருடனேயே மறைந்துவிடும்.

ஆடவருக்கும் இதில் பங்குண்டு. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீட்டில் சமையல் ஒருவர் சுமையாக இருத்தல் நியாயமன்று. பயற்றை ஊறவைத்தல், நெத்திலி ஆய்தல், பாத்திரம் துலக்குதல் ஆகியவற்றை ஆண்பிள்ளைகளுக்கும் பழக்குக. முறைமாற்று வேலையுள்ள வீட்டில், அன்று வீட்டிலிருப்பவரே அடுப்பை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் வந்தாலன்றி நாம் வகுத்த வேளை நிலைக்காது.

தோட்டத்தில் வேளையை மரம் வகுத்தது. இனி அதனை நாமே வகுத்தாக வேண்டும். வரும் ஞாயிறன்று குடும்பத்தார் ஒன்றுகூடி, அவ்வாரத்து வேலைநேரங்களை ஒரு தாளில் எழுதி, எல்லாரும் அல்லது பெரும்பாலோர் வீட்டிலிருக்கும் வேளையைக் குறித்து, அத்தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டுக. அன்றிரவே பயற்றை ஊறவைத்திடுக.