கடற்கரையில் குரலைப் பதிதல்

மீனவருக்காகவே பாம்பனில் 2016-இல் ‘கடல் ஓசை’ வானொலி தொடங்கப்பட்டது. அம்மக்கள் வலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டை நாமும் பதிந்து காக்கலாம். ஏட்டில் எழுதினால் சொல் மட்டுமே தங்கும். இழுப்பின் தாளம் தங்காது.

இதற்குக் கையடக்கமான டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவி போதும். அது ஒலியலையை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்குகிறது. சுருக்காத ‘வேவ்’ முறையில், ஒற்றைத் தடத்தில், ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 320 மெகாபைட் இடம் வேண்டும். எம்.பி.3 முறையில் இடம் மிச்சமாகும். ஆனால் நீக்கப்பட்ட நுணுக்கங்கள் திரும்பா.

கடற்காற்றுதான் பெரும் பகை. அது மைக்கின் மெல்லிய தகட்டைத் தாக்கிக் குரலை மூழ்கடிக்கும். எனவே, தனி மைக் பொருத்தக்கூடிய கருவியையே வாங்குங்கள். மைக்குக்குப் பஞ்சுறை போட்டு, படகின் மறைவில் அமர்ந்து, பாடுபவரிடமிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். ஒலியளவு உச்சக் குறியைத் தொட்டால் குரல் சிதைந்துவிடும். முதலில் ஒரு நிமிடம் பதிந்து கேட்டுப் பாருங்கள். பாடிய பெரியவர் மறுமுறை கிடைப்பார் என்பது உறுதியில்லை அல்லவா?