கேனில் மிஞ்சிய அரை லிட்டர்!

ரப்பர் தோட்டத்தில் புல் வெட்டி முடிந்தது. மெஷினைத் துடைத்து மூலையில் வைத்தாயிற்று. ஆனால் கேனில் அரை லிட்டர் எண்ணெய் மிஞ்சிக் கிடக்கிறது.

அதை என்ன செய்வது?

கீழே கொட்ட மனம் வராது. காசு கொடுத்து வாங்கியது ஆயிற்றே! திண்ணை ஓரம் ஸ்கூட்டர் நிற்கிறது. கிணற்றடியில் பம்பு இருக்கிறது. அடுக்களையில் பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் உண்டு. எதில் ஊற்றலாம்? எதில் ஊற்றக் கூடாது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வீடுகளில் எழும் கேள்வி இது. தவறான இடத்தில் ஊற்றினால் மெஷின் கெடும். சில சமயம் உயிருக்கே ஆபத்து வரும்.

எங்கே மிஞ்சுகிறது?

குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறைப் பக்கம் எங்கு பார்த்தாலும் ரப்பர் மரங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் இலை உதிர்வு நோயைத் தடுக்க மருந்து தெளிப்பார்கள். மழை விழுந்ததும் மரத்தடியில் புல் மண்டும். அதை வெட்ட வேண்டும். நாஞ்சில் நாட்டு வயல்களிலோ கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். அங்கும் மருந்தடிக்கும் மெஷின் வேண்டும்.

இந்த மெஷின்களில் பல 'டூ ஸ்ட்ரோக்' வகை. இவற்றுக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. பெட்ரோலோடு டூ-டி ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும்.

ஏன் இந்தக் கலவை?

இங்கிலாந்தில் பாத் நகரத்தில் ஜோசப் டே என்ற என்ஜினீயர் இருந்தார். எளிய டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஒன்றுக்கு 1891-ல் அவர் உரிமை பெற்றார். பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறை வழியாகவே பெட்ரோலும் காற்றும் போகும்படி அதை அமைத்தார். அதனால் அந்த அறையில் தனியாக ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. பெட்ரோலோடு வரும் ஆயில்தான் உள்ளே உள்ள பாகங்களை நனைக்கிறது. பிறகு அதுவும் எரிந்து புகையாகிறது.

'போர் ஸ்ட்ரோக்' என்ஜின் அப்படி அல்ல. அதில் ஆயிலுக்கு அடியில் தனி இடம் உண்டு. பெட்ரோலில் ஆயில் கலக்கத் தேவையே இல்லை.

அன்று மொபெட் குடித்தது

ஒரு காலத்தில் இந்த மிச்சம் ஒரு பிரச்சினையே அல்ல. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. அதுவும் டூ ஸ்ட்ரோக். மிஞ்சியதை அதன் டாங்கியில் ஊற்றினால் கதை முடிந்தது!

இன்று நிலைமை வேறு. 2015-ல் போர் ஸ்ட்ரோக் மொபெட் வந்துவிட்டது. 2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாடு அமலுக்கு வந்தது. இன்று வீட்டில் நிற்கும் புது வண்டி போர் ஸ்ட்ரோக் வண்டி. மிச்சத்தைக் குடிக்க ஆள் இல்லை!

எதில் ஊற்றலாம்?

முதல் வழி, இன்னொரு டூ ஸ்ட்ரோக் மெஷின். ஆனால் அளவைப் பார்க்க வேண்டும்.

25-க்கு 1 என்றால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில். 50-க்கு 1 என்றால் 20 மில்லி. 25-க்கு 1 கலவை ஒரு லிட்டர் மிஞ்சியதா? அதோடு இன்னொரு லிட்டர் வெறும் பெட்ரோலைச் சேர்த்தால் 50-க்கு 1 ஆகிவிடும். 50-க்கு 1 கலவையை 25-க்கு 1 ஆக்க வேண்டுமா? லிட்டருக்கு 20 மில்லி ஆயில் சேர்த்தால் போதும்.

இரண்டாவது வழி, பெட்ரோலில் ஓடும் பழைய போர் ஸ்ட்ரோக் பம்பு. அரை லிட்டர் கலவையோடு ஐந்து லிட்டர் புதுப் பெட்ரோலையாவது சேர்க்க வேண்டும். கொஞ்சம் புகை வரலாம். அப்படியே ஊற்றினால் பிளக்கில் கரி பிடித்து என்ஜின் நின்றுவிடும்.

எதில் ஊற்றக் கூடாது?

புது ஸ்கூட்டர், பைக், கார் ஆகியவற்றில் கூடாது. அவற்றின் புகைக் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம் இருக்கிறது. ஆயில் புகை அதைக் கெடுக்கும்.

டீசல் என்ஜினில் ஒரு சொட்டும் கூடாது. டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் இது பொருந்தும்.

குளச்சல், முட்டம் கடற்கரையில் வள்ளங்களில் மாட்டும் என்ஜின்களிலும் டூ ஸ்ட்ரோக் உண்டு. ஆனால் அவை தண்ணீரால் குளிர்பவை. அவற்றுக்கு ஆயில் வேறு ரகம். தோட்டத்து மிச்சத்தை அதில் ஊற்றி, நடுக்கடலில் என்ஜின் நின்றால் யார் வந்து இழுப்பது?

பழைய கலவை ஆகாது

இப்போது பெட்ரோலில் எத்தனாலும் கலக்கிறார்கள். 2025-ல் அது 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். குமரி மாவட்டமோ இரண்டு பருவமழையும் பெறும் பூமி!

ஈரம் அதிகம் சேர்ந்தால், தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். மெஷின் அடியில் இருப்பதைத்தான் முதலில் உறிஞ்சும். ஆயில் இல்லாமல் ஓடினால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒர்க்‌ஷாப் செலவுதான்!

ஒரு மாதத்துக்குள் கலவையைத் தீர்ப்பது நல்லது. நிறம் கறுத்து, வார்னிஷ் நாற்றம் அடித்தாலோ, அடியில் தனியாக நீர் தெரிந்தாலோ எந்த மெஷினுக்கும் ஆகாது. அதைக் கிணற்றோரத்திலோ, வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. குடிக்கும் தண்ணீர் கெட்டுவிடும். மூடிய கேனில் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட வேண்டும்.

நீல நிறம்! ஜாக்கிரதை!

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து அடுக்களையில் இருக்கிறது.

டூ-டி ஆயிலுக்குச் சாயம் சேர்ப்பார்கள். சில ஆயில் நீலமாக இருக்கும். கலவையும் இளநீலம் ஆகும். பல ஆண்டுகள் ரேஷன் கடையில் வாங்கிய மண்ணெண்ணெயும் நீலம்தான்! கேனில் மிஞ்சியதைப் பார்க்கும் பாட்டி, மண்ணெண்ணெய் என்றே நினைப்பாள். ஸ்டவ்வில் ஊற்றித் தீக்குச்சியைக் கிழிப்பாள்.

மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. சுமார் 40 டிகிரி சூடு ஏறினால்தான் அதன் ஆவி பற்றும். பெட்ரோலோ பனிக்கட்டியை விடக் குளிர்ந்த நிலையிலும் பற்றக்கூடிய ஆவியைக் கக்கும். ஸ்டவ் குப்பென்று எரிந்து வெடிக்கும். எரிவது ஸ்டவ் மட்டுமா? பக்கத்தில் நிற்கும் பாட்டியின் சேலையும் அல்லவா!

மண்ணெண்ணெயோடு கொஞ்சம் கலந்தாலும் இதே ஆபத்துதான். ஸ்டவ், சிம்னி விளக்கு எதிலும் கூடாது. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தால், தாகத்தில் குழந்தை எடுத்துக் குடித்துவிடும்.

ஒரு துண்டுக் காகிதம்

தகர கேனில் இறுக மூடி, அடுக்களைக்கு வெளியே நிழலில் வைக்க வேண்டும். கேன் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி, "பெட்ரோல் கலவை, 50-க்கு 1" என்று எழுதி, கலந்த தேதியையும் போட வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அதை எழுதித் தரும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டிக்கும் அது புரியும்.

இன்னும் சுலபமான வழி, மிச்சமே வராமல் பார்ப்பது. இன்றைக்கு ஒரு டாங்கி வேலையா? ஒரு டாங்கிக்கு மட்டும் கலக்க வேண்டும். வேலை கூடினால் மறுபடி கலக்கலாம். அதற்கு ஐந்து நிமிஷம் கூட ஆகாது!